கார் உள்பக்க பிளாஸ்டிக்குக்கு வீட்லயே பெயிண்ட்: கழட்டுறதுல ஆரம்பிச்சு திரும்ப மாட்டுற வரைக்கும்

நான் முதன்முதல்ல பெயிண்ட் அடிச்சது டிரைவர் பக்க டோர்ல, பவர் விண்டோ சுவிட்ச் உக்காந்திருக்குமே, அந்தப் பேனல். அடிச்சு முடிச்சப்ப புது வண்டில இருந்து கழட்டின மாதிரி இருந்துச்சு, நாலு பேர்கிட்ட பெருமையா காட்டவும் செஞ்சேன். ரெண்டாவது வாரம் விரல் நகம் ஓரத்துல பட்டு ஒரு சின்ன முனை தூக்கிக்கிச்சு. சும்மா விட்டிருக்கலாம், கை சும்மா இருக்குமா, புடிச்சு இழுத்தேன், பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி முழு நீளத்துக்கும் ஒரே துண்டா வந்துடுச்சு. அடியில பழைய பிளாஸ்டிக், பெயிண்ட் பட்ட சுவடே இல்லாம பளிச்சுன்னு.

பெயிண்ட் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த பிளாஸ்டிக் என்ன ரகம்னு நான் பாக்கல, அது மேல வருஷக்கணக்கா தேச்சு ஊறிப்போன டாஷ்போர்டு பாலிஷையும் சட்டை பண்ணல. இந்த ரெண்டையும் ஒழுங்கா பாத்துட்டா ஸ்ப்ரே பண்றது ஒரு மணி நேர வேலை. அதனால கீழ பாதிக்கு மேல கழுவுறது, தேய்க்கிறது, தொடைக்கிறது பத்தி தான் இருக்கும். போர் அடிக்கும், ஆனா அங்க தான் வேலையே.

எதை தொடவே கூடாது

ஏர்பேக் இருக்கிற எந்த மூடிக்கும் பெயிண்ட் வேண்டாம். ஸ்டியரிங் நடுவுல இருக்கிற பேட், டாஷ்போர்டுல பாசஞ்சர் பக்கம் இருக்கிற மூடி, கண்ணாடி ஓரத் தூண்ல ஏர்பேக்னு எழுதியிருந்தா அதுவும். இந்த மூடிகளுக்குப் பின்னாடி ஒரு கோடு மெல்லிசா சீவி விட்டிருப்பாங்க, பை விரியும்போது சரியா அந்தக் கோட்டுல தான் கிழியணும்னு கணக்கு. அது மேல ரெண்டு மூணு கோட் (பூச்சு) ஏத்தினா கிழியற விதம் மாறலாம், காய்ஞ்ச பெயிண்ட் செதில் செதிலா மூஞ்சிக்கு நேரா பறக்கவும் செய்யலாம். அந்த மூடி மட்டும் பழைய கலர்ல தனியா தெரியுமேன்னு கவலைப்பட்டா, அதோட ஒத்துப்போற மாதிரி மத்ததோட கலரை எடுங்க, இத மாத்தாதீங்க.

சீட் பெல்ட் நாடா, பக்கிள், பெல்ட் ஓடுற வளையம் மேலயும் ஒரு பொட்டு பெயிண்ட் படக் கூடாது. ராத்திரி உள்ள இருந்து வெளிச்சம் வர்ற சுவிட்ச்ல படம் இருக்கும் இல்லையா, அதை அடிச்சா படமும் போச்சு வெளிச்சமும் போச்சு, அதனால சுவிட்சை கழட்டிட்டு சுத்தி இருக்கிற சட்டத்தை மட்டும் அடிங்க. டாஷ்போர்டு மேல்பக்கத்தை அடிக்கலாம், ஆனா மேட்ல (பளபளக்காத ரகம்) மட்டும், அதுவும் கருப்பு இல்லாட்டி அடர் சாம்பல். பளபளப்பா அடிச்சா வெயில்ல அது முழுசும் முன் கண்ணாடியில பிரதிபலிக்கும், எதிர்ல வர்ற வண்டிக்குப் பதிலா உங்க டாஷ்போர்டு தான் தெரியும்.

குரோம் பூசின துண்டுகளை முதல் தடவையிலயே தொடாதீங்க. அந்தப் பூச்சு ரொம்ப கெட்டி, வழுவழுப்பு, நல்லா சொரசொரப்பாக்காம பெயிண்ட் நிக்காது. அதெல்லாம் கை பழகினப்புறம் பாத்துக்கலாம்.

திருப்பிப் போட்டு பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு படிங்க

கழட்டின துண்டோட பின்பக்கம் எங்கயாவது ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல பிளாஸ்டிக் பேர் அச்சு போட்டிருப்பாங்க. மறுசுழற்சிக்குப் பிரிக்கணும்னு போடுறது, நமக்கு அது வேற விதத்துல உதவுது. பெரும்பாலும் ரெண்டு குடும்பம் தான் வரும்.

ஏபிஎஸ்னு இருந்தா அதிர்ஷ்டம். பெயிண்டை நல்லா புடிச்சுக்கும். சென்டர் கன்சோல் சட்டம், ஏசி வென்ட் சுத்தி இருக்கிற சட்டம், ஸ்டீரியோ முகப்பு இதெல்லாம் பல வண்டில ஏபிஎஸ் தான், இல்லாட்டி பிசி (பாலிகார்பனேட்) கலந்த ஏபிஎஸ். ஒரே எச்சரிக்கை, அசிட்டோன் கிட்ட கொண்டு போகாதீங்க, ஏபிஎஸ் அதுல கரையும். நெயில் பாலிஷ் ரிமூவர்லயும் பெரும்பாலும் அது தான் இருக்கு, காரமான தின்னரும் கிட்டத்தட்ட அதே கதை தான்.

பிபின்னு இருந்தா, அதாவது பாலிப்ரொப்பிலீன், கொஞ்சம் மல்லுக்கட்டணும். டோர் பேடோட கீழ்ப்பகுதி, பில்லர் கவர், படியில மிதிக்கிற இடத்துல இருக்கிற பட்டை எல்லாம் இந்த ரகம் நிறைய. இதோட மேற்பரப்பு எதையுமே ஒட்ட விடாத குணம் உள்ளது. தாமரை இலை தண்ணிதான், பெயிண்ட் மேல உக்காரும், ஆனா புடிக்காது. என் டோர் பேனல் உரிஞ்சு வந்தது இதனால தான். இதுக்கு பெயிண்டைப் புடிக்க வைக்க அட்ஹீஷன் ப்ரோமோட்டர்னு தனியா ஒரு ஸ்ப்ரே உண்டு, அது இல்லாம பிபில கை வைக்காதீங்க. பிபி கூட ஈபிடிஎம்னு சேத்து எழுதியிருந்தா ரப்பர் கலந்தது, டிபிஓன்னு இருந்தாலும் அதே குடும்பம் தான், எல்லாத்துக்கும் அதே வைத்தியம்.

எழுத்து தெரியலன்னா தண்ணில போட்டு பாருங்க, மிதந்தா பிபி, முங்குனா ஏபிஎஸ்னு சொல்லுவாங்க. பாதி தான் உண்மை. மிதந்தா பெரும்பாலும் பிபி குடும்பம் தான், ஆனா முங்குனா ஏபிஎஸ்னு அர்த்தமே இல்ல, ஏன்னா கார்ல வர்ற பிபில டால்க் பவுடர் கலந்திருக்கும், டி20ன்னு பின்னாடி எழுதியிருந்தா 20 சதவீதம் டால்க், அது தண்ணிய விட கனமாயிடும், முங்கிடும். சந்தேகம்னா ப்ரோமோட்டர் அடிச்சுடுங்க. ஏபிஎஸ் மேல மெல்லிசா அடிக்கிறதால பொதுவா ஒண்ணும் ஆகாது, அந்த கேன்ல ஏபிஎஸ்க்கும் ஆகும்னு போட்டிருக்கான்னு மட்டும் ஒரு பார்வை பாத்துக்கோங்க.

கை ஒட்டுற பிளாஸ்டிக் இருந்தா

சில வண்டில சுவிட்ச் பேனல், டோர் ஹேண்டில் எல்லாம் தொட்டா பிசுபிசுன்னு ஒட்டும், நகத்துல சுரண்டினா கருப்பா வரும். அது அழுக்கு இல்ல. தொட்டா மெத்துன்னு இருக்கணும்னு கம்பெனியே ரப்பர் மாதிரி ஒரு பூச்சு போட்டிருப்பாங்க, வெயிலும் ஈரப்பதமும் பட்டு பட்டு வருஷம் போகப் போக அந்தப் பூச்சு சிதைஞ்சு கூழாகுது. இது மேல நேரா பெயிண்ட் அடிச்சா கூழு மேல வீடு கட்டின கதை தான். முழுசா எடுத்தே ஆகணும்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், சுருக்கமா ஐபிஏ, 90 சதவீதத்துக்கு மேல உள்ளதா வாங்கி துணியில நல்லா நனைச்சு அந்த இடத்துல பத்து நிமிஷம் போர்த்தி வைங்க. அப்புறம் பிளாஸ்டிக் கரண்டி ஓரத்தால தள்ளினா கருப்பு மை உருண்டை உருண்டையா திரண்டு வரும். நாலஞ்சு ரவுண்டு போகும், பொறுமை வேணும், கையுறை கண்டிப்பா வேணும், ஏன்னா நகக்கண்ல போனா ஒரு வாரத்துக்குப் போகாது. அடியில சொரசொரன்னு சாதா பிளாஸ்டிக் வந்ததும் நிறுத்துங்க.

வாங்கி வைக்க வேண்டியது

பாத்திரம் கழுவுற லிக்விட், பழைய டூத் பிரஷ், சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் ஷீட் (சமையலறை பச்சை ஸ்க்ரப்பர் வேண்டாம், அது கோடு போட்டுடும்), 400லயும் 600லயும் வாட்டர் பேப்பர் (தண்ணி விட்டு தேய்க்கிற உப்புத்தாள், நம்பர் கூடக் கூட நைஸா இருக்கும்), ஐபிஏ, நூல் உதிராத துணி, மாஸ்கிங் டேப், நைட்ரைல் கையுறை, ப்ரோமோட்டர், பெயிண்ட். மாஸ்க் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, தூசிக்குப் போடுற மாஸ்க் தின்னர் ஆவியை ஒரு சொட்டு கூட தடுக்காது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டின மாஸ்க் தான் வேணும்.

பெயிண்ட்ல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வினைல் அண்ட் பிளாஸ்டிக் கோட்டிங்னு வர்ற ஸ்ப்ரே. இது ரொம்ப மெல்லிசா உக்காரும், பிளாஸ்டிக்ல இருக்கிற தோல் மாதிரி வரிவரியான டெக்ஸ்சர் அப்படியே தெரியும், கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், வெடிக்காது. இன்னொண்ணு சாதா அக்ரிலிக் ஸ்ப்ரே, வழுவழுன்னு பியானோ பிளாக் மாதிரி வேணும்னா, இல்ல பாடி கலர்லயே ஒரு பட்டை வேணும்னா இது. என்னைக் கேட்டா முதல் தடவை வினைல் கோட்டிங்ல மேட் இல்லாட்டி சாட்டின் (லேசா மினுங்குற ரகம்) எடுங்க. பளபளப்பு ஃபினிஷ்ல ஒரு தூசி, ஒரு கோடு கூட மறையாது, மேட் நம்ம தப்பை எல்லாம் மன்னிச்சு விட்டுடும்.

டூ-கேன்னு அடியில பட்டனை அமுக்கி ஹார்டனர் (இறுக வைக்கிறது) கலக்குற கிளியர் கேன், அதாவது கலர் இல்லாத மேல் பூச்சு, பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. கெட்டியா நிக்கும், உண்மை தான். ஆனா அதுல ஐசோசயனேட் இருக்கு, மூச்சுல போனா நுரையீரலுக்கு அலர்ஜி ஏறி ஆஸ்துமா வரைக்கும் கொண்டு விடும். ஒரு கப் ஹோல்டருக்காக வீட்ல குழந்தைங்க, பெரியவங்க இருக்கிற இடத்துல அந்த வேலை தேவையே இல்ல.

400 மில்லி கேன் ஒரு கோட்டுக்கு சுமார் ஒன்றரை சதுர மீட்டர் தான் வரும்னு கணக்கு வச்சுக்கோங்க, மூணு கோட்னா அரை சதுர மீட்டர். பாதியில தீந்து போய் வேற பேட்ச் கேன் வாங்கினா கலர் ஒரு இழை மாறி நிக்கும். ஒரு கேன் கூடவே வாங்கிடுங்க, ஒரே பேட்ச்ல.

கழட்டுறது

மாட்டி இருக்கிறபடியே பேப்பர் ஒட்டி அடிச்சுடலாம்னு தோணும். அடிக்காதீங்க. ஓரத்துல பெயிண்ட் முடியற கோடு தான் முதல்ல உரியும், தவிர ஸ்ப்ரே புகை சீட்டு, ரூஃப் துணி, கண்ணாடின்னு எல்லா இடமும் போய் உக்காரும்.

பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டு ஒரு பத்து நிமிஷமாவது விட்டுட்டு வேலைய ஆரம்பிங்க, ஏர்பேக் யூனிட்ல தேங்கியிருக்கிற கரண்ட் இறங்கணும். மஞ்சள் கலர் கனெக்டரை பாத்தா அது ஏர்பேக் லைன்னு நினைச்சுக்கோங்க, அதைப் பிடுங்கி பாக்குற வேலை வேண்டாம். ஸ்டீரியோவுக்கு ரகசிய நம்பர் கேக்குற வண்டியா இருந்தா அதையும் முன்னாடியே தேடி எடுத்து வைங்க.

ஸ்க்ரூ எப்பவுமே மறைஞ்சு தான் இருக்கும். டோர் புல் ஹேண்டில் குழிக்குள்ள ஒரு சின்ன மூடி, அதுக்கு அடியில ஒண்ணு, லாக் நெம்புகோலுக்குப் பின்னாடி ஒண்ணு. எல்லாத்தையும் எடுத்தப்புறம் தான் கிளிப்பை நெம்பணும், அதுவும் பிளாஸ்டிக் நெம்பியால. ஸ்க்ரூடிரைவர் போட்டா ஓரத்துல ஒரு பள்ளம் விழும், அதை நிரப்ப தனியா ஒரு நாள் போகும். இழுத்தும் வரலன்னா அங்க இன்னும் ஒரு ஸ்க்ரூ இருக்குன்னு அர்த்தம், பலத்தைக் காட்டாதீங்க. குளிர்ல பிளாஸ்டிக் விறைச்சு கிளிப் பட்டுன்னு ஒடியும், வெயில்ல கொஞ்ச நேரம் நிறுத்திட்டு கழட்டினா நல்லா வளைஞ்சு கொடுக்கும். ஒவ்வொரு கட்டத்துலயும் போன்ல ஒரு போட்டோ, ஸ்க்ரூவெல்லாம் தனித்தனி கவர்ல போட்டு மேல பேர் எழுதி வைங்க, எல்லாம் ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறது அந்த நாள் சாயங்காலம் வரைக்கும் தான்.

கழுவுறது, நிஜமான வேலை இது தான்

டாஷ்போர்டு பாலிஷ்ல பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய் இருக்கும். பாக்க ஒண்ணுமே தெரியாது. அது மேல பெயிண்ட் பட்டதும் என்ன ஆகும்னா, கடுகு அளவுக்கு ஒரு வட்டம் திறக்கும், நடுவுல பிளாஸ்டிக் தெரியும், சுத்தி பெயிண்ட் கரை கட்டி நிக்கும். மீன் கண்ணுன்னு பேர். ஒண்ணு வந்தா பக்கத்துலயே பத்து வரும். அது மேல இன்னும் அடிச்சு மூடிடலாம்னு பாத்தா வட்டம் பெருசாகுமே தவிர மூடாது.

இதுல எல்லாரும் பண்ற தப்பு, முதல்ல உப்புத்தாள் போட்டு தேய்ச்சுட்டு அப்புறம் கழுவுறது. தேய்க்கும்போது மேல இருக்கிற சிலிக்கானை அந்தக் கீறலுக்குள்ளயே அடைச்சு விட்டுடுறோம், அப்புறம் என்ன கழுவினாலும் வராது. முதல்ல கழுவு, அப்புறம் தேய், அப்புறம் திரும்ப கழுவு. இந்த வரிசை மாறவே கூடாது.

வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்து டூத் பிரஷ்ஷால டெக்ஸ்சர் குழிக்குள்ள எல்லாம் வட்ட வட்டமா தேய்ங்க. நல்லா அலசுங்க. காய விடுங்க. அப்புறம் ஐபிஏ நனைச்ச துணியால ஒரே திசையில துடைச்சு, அது ஆவியாகுறதுக்குள்ள இன்னொரு காய்ஞ்ச துணியால எடுத்துடுங்க. ஈரத்துணி அழுக்கை கரைக்குது, காய்ஞ்ச துணி தான் அதை எடுக்குது. ஒரே துணியால முன்னும் பின்னும் தேய்ச்சா எண்ணெயை இடம் மாத்தி வைக்கிறோம், அவ்வளவுதான். ரெண்டு மூணு தடவை, துணி மாத்தி மாத்தி.

போதுமான்னு தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி, சுத்தமான தண்ணிய மேல ஊத்திப் பாருங்க. தண்ணி ஒரே படலமா பரவி வழிஞ்சா எண்ணெய் போயிடுச்சு. முத்து முத்தா திரண்டு உருண்டா இன்னும் இருக்கு, திரும்ப கழுவுங்க. பிபில மட்டும் சுத்தமா இருந்தாலும் ஓரளவு முத்து கட்டத்தான் செய்யும், அது அதோட குணம். அங்க ஸ்காட்ச்-பிரைட் போட்டப்புறம் திரும்ப ஊத்திப் பாருங்க, சில இடம் பரவுது சில இடம் திட்டுத் திட்டா விலகுதுன்னா அந்தத் திட்டு தான் எண்ணெய்.

இதுக்கப்புறம் வெறும் கையால தொடக் கூடாது. விரல் ரேகை கூட பெயிண்டுக்கு அடியில இருந்து எட்டிப் பாக்கும்.

தேய்க்கிறது

டெக்ஸ்சரை வச்சுக்கப் போறீங்களா, வழுவழுன்னு ஆக்கப் போறீங்களான்னு முடிவு பண்ணிட்டு ஆரம்பிங்க.

வச்சுக்கிறதா இருந்தா சாம்பல் ஸ்காட்ச்-பிரைட் மட்டும், சோப்புத் தண்ணியோட. மேல இருக்கிற மினுமினுப்பு போய் மங்கலா ஆகுற வரைக்கும். எங்கயாவது இன்னும் மின்னுதுன்னா அந்த இடத்துல தான் நாளைக்கு உரியும், அதனால ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சு பாருங்க. உப்புத்தாள் போட்டா மேடு மட்டும் தேஞ்சு பள்ளம் அப்படியே நிக்கும், பெயிண்டுக்கு அப்புறம் திட்டு திட்டா தெரியும்.

வழுவழுன்னு வேணும்னா 220, 320ன்னு போட்டு டெக்ஸ்சரை இறக்கிட்டு, பிபியா இருந்தா ப்ரோமோட்டர், அது மேல ஃபில்லர் பிரைமர் (குழியை நிரப்புற அடிப் பூச்சு) மூணு கோட், நல்லா காய்ஞ்சதும் 400, 600ல தண்ணி விட்டு தேய்க்கணும், எங்கயாவது பிளாஸ்டிக் எட்டிப் பாத்தா அங்க திரும்ப ப்ரோமோட்டர், திரும்ப பிரைமர். சின்ன துண்டுக்கு சரி. ஒரு முழு கன்சோலுக்கு இதைப் பண்ணணும்னு முடிவெடுத்தா மூணு சாயங்காலம் போயிடும், முன்கூட்டியே சொல்லிட்டேன்.

பிபில பிசிறு கிளம்பும், பஞ்சு மாதிரி முடி முடியா நிக்கும். அழுத்தி தேய்ச்சா இன்னும் கூடும். தண்ணி நிறைய விட்டு 600ல மெதுவா, அழுத்தமே இல்லாம ஓட்டுங்க.

முடிஞ்சதும் திரும்ப கழுவி, ஐபிஏ துடைச்சு, ஒரு துண்டு இன்னொரு துண்டோட உரசுற இடம், கிளிப் மாட்டுற குழி, ஸ்க்ரூ உக்காருற முகம் எல்லாத்தையும் டேப் போட்டு மூடுங்க. மூணு கோட் பெயிண்டோட தடிமன் ஒண்ணுமில்லன்னு தோணும், ஆனா ஏசி வென்ட் இதழோட அச்சுல அது ஏறினா இதழ் திரும்பவே திரும்பாது. உரசுற முகத்துல ஏறினா மேடு பள்ளத்துல கீச் கீச்சுன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்.

அடிக்கிறது

இடம் காத்தோட்டமா இருக்கணும், ஆனா காத்து வீசக் கூடாது. அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது, கேன்ல பெயிண்டைத் தள்ளுற வாயுவே எரியக்கூடியது தான். 18ல இருந்து 28 டிகிரி வரைக்கும் நல்லது. மழை நாள்ல, புழுக்கமான நாள்ல தள்ளிப் போடுங்க, பெயிண்ட்ல தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு சில்லுன்னு ஆகி காத்துல இருக்கிற ஈரம் அங்க படிஞ்சு வெள்ளை வெள்ளையா பூத்துடும், கருப்பு அடிச்சவங்களுக்கு அது ரொம்ப அசிங்கமா தெரியும். தரைய லேசா நனைச்சு விட்டா தூசி கிளம்பாது. பிளாஸ்டிக்கை துணியால தேய்ச்சதும் அதுல ஸ்டாட்டிக் ஏறி தூசியை வா வான்னு கூப்பிடும், அதனால அடிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை ஐபிஏ ஈரத்துணியை மெதுவா ஓட்டிட்டு, ஆவியாகிற வரைக்கும் நின்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

கேனுக்குள்ள குண்டு உருள ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு நிமிஷம் குலுக்கணும், நடு நடுவுலயும். மேட் பெயிண்டை சரியா குலுக்கலன்னா மேட் ஆக்குற பவுடர் அடியிலயே தங்கிடும், பாதி துண்டு மேட் பாதி பளபளன்னு வரும். குளிரா இருந்தா கேனை வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு நிமிஷம் வைக்கலாம், கை பொறுக்கிற சூடு தான், அதுக்கு மேல போனா கேன் வெடிக்கலாம்.

முதல்ல ப்ரோமோட்டர். ரொம்ப மெல்லிசா, ஒண்ணோ ரெண்டோ கோட், ஈரம் மின்னினா போதும், வழியக் கூடாது. அது முழுசா காய்ஞ்சு போறதுக்குள்ள பெயிண்ட் விழணும், பல கேன்ல பத்துல இருந்து முப்பது நிமிஷம்னு இருக்கும், உங்க கேன்ல எவ்வளவு போட்டிருக்கோ அது தான் கணக்கு. ப்ரோமோட்டரை மட்டும் அடிச்சுட்டு பெயிண்டை நாளைக்குப் பாக்கலாம்னு தூங்கப் போகாதீங்க. நல்லா ஒட்டட்டும்னு தடியா அடிக்கிறதும் வேண்டாம், அதுவே மெத்துன்னு ஒரு படலமாகி மேல இருக்கிற பெயிண்டோட சேந்து கழண்டுக்கும்.

பெயிண்ட் கேனை 20ல இருந்து 25 செ.மீ. தூரத்துல புடிங்க, விரிச்ச ஒரு சாண் கணக்கு. துண்டுக்கு வெளியில பட்டனை அமுக்கி, உள்ள கொண்டு வந்து, அந்தப் பக்கம் வெளியில போய் விடணும். துண்டு மேலயே ஆரம்பிச்சா அந்த இடத்துல ஒரு குளம் கட்டும். மணிக்கட்டை விசிறி மாதிரி ஆட்டாம முழு கையையும் இணையா நகத்துங்க, ஒவ்வொரு பட்டையும் முந்தினதுல பாதியை மூடணும். ஓரம், மூலை, குழியெல்லாம் முதல்ல, அப்புறம் தான் முகம்.

முதல் கோட் பாத்தா மனசு உடையும். பழைய கலர் அப்படியே தெரியும், மூடுபனி போட்ட மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும். அப்படித்தான் இருக்கணும். அதை மூடணும்னு இன்னொரு ரவுண்டு அடிச்சீங்கன்னா கீழ் ஓரத்துல ஒரு சொட்டு திரண்டு, இறங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சு, நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் இறங்கிடும். பத்து நிமிஷம் விட்டு ரெண்டாவது, திரும்ப பத்து நிமிஷம், மூணாவது. மூணாவதுல தான் கலர் முழுசா நிக்கும். வெளிச்சத்தை பக்கவாட்டுல வச்சுப் பாருங்க, ஈரம் சமமா மின்னிட்டு கொஞ்ச நேரத்துல ஒரே மாதிரி மங்குச்சுன்னா சரி. சொரசொரன்னு மணல் மாதிரி இருந்தா தூரம் அதிகம், பெயிண்ட் வர்ற வழியிலயே காய்ஞ்சு விழுது. ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியா இருந்தா கிட்டக்க புடிச்சு கனமா அடிச்சிருக்கீங்க.

சொட்டு இறங்கிடுச்சா, ஈரத்துல விரலை வைக்காதீங்க. ஒரு நாள் விட்டு 600ல தண்ணி போட்டு அந்த இடத்தை மட்டும் இறக்கிட்டு மெல்லிசா ஒரு கோட். மீன் கண்ணு வந்தா சமாதானம் கிடையாது, காய விட்டு, தேய்ச்சு இறக்கி, கழுவுறதுல இருந்து திரும்ப. எனாமல் வகை பெயிண்டா இருந்தா திரும்ப அடிக்கிறதுக்கு கேன்ல ஒரு நேரம் போட்டிருக்கும், ஒரு மணி நேரத்துக்குள்ள இல்லாட்டி 24 அல்லது 48 மணி நேரம் கழிச்சுன்னு. நடுவுல அடிச்சா பாதி காய்ஞ்ச அடித் தோலை மேல விழுற தின்னர் ஊற வச்சு முழுசும் சுருக்கம் விழுந்துடும். ஒரு ஏசி வென்ட் சட்டத்தை இப்படி அவசரப்பட்டு கெடுத்து, கடைசியில முழுசா சுரண்டி எடுத்தேன்.

கை அடிக்கடி படுற இடத்துக்கு, கியர் சுத்தி, புல் ஹேண்டில், அதே கம்பெனியோட மேட் இல்லாட்டி சாட்டின் கிளியர் ரெண்டு கோட் போடலாம். டேப்பை கடைசி கோட் பிசுபிசுப்பு போன உடனே, தன் மேலயே மடிச்சு சாய்வா இழுங்க. மறுநாள் இழுத்தா பெயிண்ட் ஓரத்தையும் சேத்து கிழிச்சுக்கிட்டு வரும்.

காயுறதும் மாட்டுறதும்

அரை மணி நேரத்துல தொட்டா ஒட்டாது. அது வெறும் மேல் தோல். உள்ள இறுக ஒரு வாரம் வரைக்கும் ஆகும். ரெண்டு நாளாவது விட்டுட்டு மாட்டுங்க, முடிஞ்சா வாரம் முழுக்க விடுங்க, வண்டி அது வரைக்கும் எலும்புக்கூடு மாதிரி நிக்கும், பரவாயில்ல. சீக்கிரம் மாட்டினா இன்னொரு தொல்லை, வெயில்ல கதவை சாத்தி நிறுத்தின வண்டியில டாஷ்போர்டு 70 டிகிரிக்கு மேல போகும், அந்தச் சூட்டுல மிச்ச தின்னர் எல்லாம் வெளிய வந்து கண்ணாடி உள்பக்கம் மங்கும், தலையும் வலிக்கும்.

மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. அடிக்கும்போதே துண்டோட பின்பக்கம் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தையும் அதே மாதிரி கழுவி, தேய்ச்சு, அடிச்சு வச்சிருக்கணும். அங்க பிளேடால அஞ்சு கோடு நெடுக்க, அஞ்சு கோடு குறுக்க போட்டு, டேப்பை அழுத்தி ஒட்டி சட்டுன்னு இழுங்க. கட்டம் கட்டமா டேப்போட வந்தா முன்பக்கமும் வரும், மாட்டாதீங்க. ஒண்ணும் வரலன்னா நிம்மதியா மாட்டலாம்.

கிளிப் உக்காரும்போது பெயிண்ட் அடிச்ச பக்கத்துல நேரா குத்தாதீங்க, நடுவுல மெத்துன்னு ஒரு துணி வச்சு உள்ளங்கையால அழுத்துங்க. கனெக்டர் எல்லாம் சொருகினப்புறம் தான் பேட்டரி. ஏர்பேக் விளக்கு அணையாம எரிஞ்சா எங்கயோ ஒரு கனெக்டர் சரியா உக்காரலன்னு அர்த்தம், பேட்டரியை கழட்டிட்டு பாருங்க, அப்பவும் எரிஞ்சா மெக்கானிக் கிட்ட காட்டிடுங்க.

முதல் மாசம் வெறும் ஈரத்துணி மட்டும். பழைய பாலிஷ் டப்பாவை எடுத்து யாருக்காவது குடுத்துடுங்க. சன்ஸ்கிரீன், கொசுவுக்குத் தடவுற லோஷன், சானிடைசர் போட்ட கையால புதுசா அடிச்ச ஹேண்டிலைப் புடிச்சா அந்த இடம் இளகி ரேகை பதியும், கொசு லோஷன்ல இருக்கிற டீட் நல்லா காய்ஞ்ச பெயிண்டையே கரைக்கும்.

மிச்ச கேனைத் தலைகீழா புடிச்சு வெறும் வாயு வர்ற வரைக்கும் அமுக்கிட்டு எடுத்து வைங்க, நாஸில் அடைக்காது. அப்புறம் ஒவ்வொரு துண்டோட பின்பக்கமும் மார்க்கரால என்ன ப்ரோமோட்டர், என்ன பெயிண்ட், என்ன கலர் நம்பர், என்னைக்கு அடிச்சதுன்னு எழுதிட்டு மாட்டுங்க. என் வண்டில நாலு கதவுல மூணுல எழுதியிருக்கேன், எழுதாம விட்ட பின் கதவுல தான் போன மாசம் ஒரு கீறல் விழுந்துச்சு.